உம்மா கடையில் சாப்பிட்ட இரவு

எங்கள் தெரு பிரதான வீதியில் வந்து சேரும் இடத்தில் அண்மையில் ஒரு சாப்பாட்டுக் கடை திறந்தார்கள். கல்முனைக்கும் சாய்ந்தமருதுக்கும் இடையில் சாப்பாட்டுக் கடைக்கா பஞ்சம் என்று நீங்கள் கேட்கலாம். பஞ்சமில்லைதான். மாலை மங்கியதும் வீதியின் இரு பக்கமும் கொத்துத் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. ஆனாலும் இந்தக் கடையைப் பற்றி எங்கள் தெருப் பெண்கள் பேசுவது போல வேறெந்தக் கடையைப் பற்றியும் பேசி நான் கேட்டதில்லை. காரணம் அதன் மாடியிலுள்ள ஆறு சின்ன அறைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை. படிக்கட்டின் அடியில் ‘பெமிலி ரூம்’ என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை.

கடையின் பெயரை நான் எழுதவில்லை. புகழ்ந்தால் விளம்பரம் என்பார்கள், குறை சொன்னால் பொறாமை என்பார்கள். இரண்டும் எனக்கு வேண்டாம்.

நாங்கள் சிறுமிகளாக இருந்தபோது கடைச் சாப்பாடு என்றால் அது வீட்டுக்கு வந்த சாப்பாடுதான். வாப்பா இஷா தொழுதுவிட்டு வரும்போது கையில் ஒரு கொத்து ரொட்டிப் பார்சல் இருக்கும். லன்ச் ஷீட்டில் சுற்றி, அதற்கு மேல் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி, நூல் கட்டியிருப்பார்கள். அந்த நூலை அவிழ்க்கும்போது எழும் வாசத்துக்குத் தூங்கிய பிள்ளைகளும் எழுந்து வந்துவிடுவோம். கொத்து ரொட்டி நம்முடைய கிழக்கிலேதான் பிறந்தது என்று சொல்வோர் பலர். எங்கே பிறந்ததோ, அதைத் தட்டும் இடத்தைப் பார்க்காமலேயே இந்த ஊர்ப் பெண்கள் அதைத் தின்று வளர்ந்தோம். அந்தச் சூட்டுக் கல்லையும் இரண்டு தகடுகளையும் நான் கிட்ட நின்று பார்த்தபோது எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். லன்ச் ஷீட்டை 2017 செப்டெம்பர் 1 முதல் அரசாங்கம் தடை செய்தது. பார்சல் நிற்கவில்லை.

கடைக்குள் பெண்கள் வரக்கூடாது என்று யாரும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. எழுத வேண்டிய தேவையே இருக்கவில்லை! முன்னால் வடையும் ரோல்ஸும் அடுக்கிய கண்ணாடி அலுமாரி, அதற்குப் பின்னால் காசு மேசை, உள்ளே வரிசையாக வாங்குகள், அவற்றில் நிறைய ஆண்கள். இதைப் பார்த்த பிறகு எந்தப் பெண் உள்ளே காலெடுத்து வைப்பாள்? வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு அது பெரிய குறையாகத் தெரியாது. பயணத்தில் இருப்பவளுக்குத்தான் தெரியும். கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கு நிந்தவூரிலிருந்தும் சம்மாந்துறையிலிருந்தும் கிளினிக் நாளில் கர்ப்பிணிப் பெண்கள் வருவார்கள். காலையில் வெறும் வயிற்றோடு வந்தவர்கள் பத்து மணிக்கெல்லாம் வாடிப்போவார்கள். ஒரு பனிஸையும் சோடாவையும் யாராவது ஒரு பையனைக் கொண்டு வாங்குவித்து, மர நிழலில் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று சாப்பிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். என் மூத்தவன் வயிற்றில் இருந்தபோது நானும் அப்படி நின்று சாப்பிட்டவள்தான். ஒரு கதிரை, கை கழுவ ஒரு குழாய், கதவு பூட்டக்கூடிய ஒரு கழிப்பறை. இவ்வளவுதான் தேவையாக இருந்தது. இந்த மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்க எங்கள் ஊருக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

இது நம்முடைய ஊரின் குறை மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவிலேயே ஒரு காலத்தில் இதே கதைதான். 1907ஆம் ஆண்டு நியூயோர்க் நகரத்தில் ஹாரியட் ஸ்டான்டன் பிளாட்ச் என்ற அம்மையார், பெண்களின் வாக்குரிமைக்காகப் பாடுபட்டவர், ஒரு தோழியுடன் ஹொஃப்மன் ஹவுஸ் என்ற ஹோட்டலின் மாடி உணவகத்துக்குச் சாப்பிடப் போனார். கூட ஆண் துணை இல்லை என்று சொல்லி அவர்களுக்குச் சாப்பாடு கொடுக்க மறுத்துவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். தோற்றார். நம்முடைய ஊரில் வழக்குப் போடும் அளவுக்கு யாரும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்!

‘பெமிலி ரூம்’ என்ற சொல் எங்கள் பக்கத்துக்கு எப்படி வந்தது என்று நான் யோசிப்பதுண்டு. கட்டாரிலும் சவூதியிலும் உழைத்துவிட்டு வந்த பிள்ளைகள் கொண்டுவந்தது என்றே எனக்குப் படுகிறது. அங்கே உணவகங்களில் குடும்பத்தாருக்கு ஒரு வாசல், தனி ஆண்களுக்கு இன்னொரு வாசல் என்று இருந்தது. சவூதி அரேபியாவில் அப்படி இரண்டு வாசல் வைத்தே ஆக வேண்டும் என்ற விதியை 2019 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். அங்கே விதி தளர்ந்த பிறகு இங்கே திரை தொங்குகிறது. திரையைப் பற்றி எனக்கு இரண்டு மனது. முகம் மூடும் பெண்கள் நிம்மதியாக ஒரு கவளம் வாயில் வைக்க அது வேண்டும்தான். ஆனால் கீழே விசாலமான யன்னலும் காற்றும் ஆண்களுக்கு, மேலே புழுங்கும் பெட்டி பெண்களுக்கு என்று ஆகிவிடக்கூடாது அல்லவா? இந்தக் கடையில் மாடியில் ஏசி போட்டிருக்கிறார்கள். அதனால் தப்பினார்கள்.

இனி உம்மாவின் கதைக்கு வருகிறேன்.

இந்தக் கரையில் வீடு பெண்ணுக்கு. மகளுக்குக் கல்யாணம் என்றால் வீட்டைக் கொடுத்து மாப்பிள்ளையை அங்கே அழைத்துக்கொள்வது வழக்கம். உம்மாவும் தன் வீட்டை எனக்குத் தந்தார். வீட்டைத் தந்தார், அடுப்படியைத் தரவில்லை! எழுபத்திரண்டு வயதிலும் ஆணத்துக்கு உப்புப் பார்ப்பது அவர்தான். கடைச் சாப்பாடு அவருக்கு ஆகாது. கல்யாண வீட்டு சஹனில் ஐந்தாறு பேரோடு உட்கார்ந்து சாப்பிடுவார். அது வேறு. சமைத்தவர் இன்ன ஊர் இன்னார் என்று அவருக்குத் தெரியும்.

“வீட்டுல சோறு இரிக்கக்குள்ள கடையில போய்க் குந்துறதா? ஆர்ர கையெண்டு தெரியாம என்னெண்டு வாயில வைக்கிற?”

புதுக் கடைக்குப் போகலாம் என்று பிள்ளைகள் நச்சரித்தபோதெல்லாம் இதுதான் பதில். இதற்கிடையில் தெருவில் கதைகளும் கிளம்பிவிட்டன. பழைய எண்ணெயில் பொரிக்கிறார்களாம். ஏதோ ஒரு தூள் போடுகிறார்களாம், அதைத் தின்றால் பிள்ளைகள் வேறு சாப்பாடு சாப்பிடாதாம். யார் பார்த்தது என்று கேட்டால் யாரும் பார்க்கவில்லை. இன்னாருடைய மச்சி சொன்னாராம். அந்த மச்சியைக் கேட்டால் அவருக்கு வேறொருவர் சொன்னாராம்.

சகோதரிகளே, இந்த ‘ஆம்’ போட்ட பேச்சுகளை நாம் இலேசாக எடுக்கக்கூடாது. ஒரு கறிச்சட்டியைப் பற்றிய கதை எவ்வளவு தூரம் போகும் என்பதை நம்முடைய மாவட்டம்தான் நாட்டுக்கே காட்டியது. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரத்தில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. சாப்பிட வந்த ஒருவர் கறியில் ஒரு கட்டியைக் கண்டார். இது சிங்களவர்களை மலடாக்கப் போடும் மாத்திரை என்று சத்தம் போட்டார். ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். காசு மேசையில் இருந்தவருக்குச் சிங்களம் சரியாக வராது. என்ன கேட்கிறார்கள் என்று விளங்காமல், பயத்தில் தலையை ஆட்டியதைக் கைபேசியில் படம் பிடித்தார்கள். அது ‘ஒப்புக்கொண்டான்’ என்ற பெயரில் நாடெங்கும் பரவியது. அந்த இரவே கடையை உடைத்தார்கள், பள்ளிவாசலைத் தாக்கினார்கள், வாகனங்களுக்குத் தீ வைத்தார்கள். ஒரு வாரம் போவதற்குள் கண்டியில் திகனப் பக்கம் கலவரம் மூண்டது. மார்ச் 6ஆம் திகதி அவசரகாலச் சட்டம் வந்தது. முகநூலையும் வட்ஸ்அப்பையும் சில நாட்களுக்கு நிறுத்தி வைத்தார்கள். அப்படிப்பட்ட மாத்திரையே உலகத்தில் இல்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அந்தக் கட்டியைப் பரிசோதித்த அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் அது வெறும் மாச்சத்து என்றது. இலங்கைக் கலவரத்தில் தங்கள் தளத்துக்கும் பங்கு இருந்தது என்று முகநூல் நிறுவனம் வருத்தம் தெரிவித்தது 2020 மே மாதத்தில்.

மாக்கட்டி! ஆணம் தடிக்கட்டும் என்று ஒரு கரண்டி மாவைக் கரைத்து ஊற்றும்போது சரியாகக் கரையாமல் கட்டி பிடிப்பதை அறியாத பெண் நம்மில் உண்டா? அந்தக் கூட்டத்தில் சமைக்கத் தெரிந்த ஒரு பெண், எந்த இனத்தவளாக இருந்தாலும், நின்றிருந்தால் ஒரே பார்வையில் சொல்லியிருப்பாள். நான் இதைப் பலமுறை நினைத்திருக்கிறேன். அந்த வேளையில் அந்தக் கடையில் அப்படி ஒருத்தி இருக்கவில்லை.

ஆகவே நம்முடைய தெருக்கடையைப் பற்றி யாராவது ‘தூள் போடுகிறார்களாம்’ என்று சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. சந்தேகம் இருந்தால் அதற்கு வழி இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இருக்கிறார், நம்முடைய வாயில் பீ.எச்.ஐ. மாமா. அவரிடம் போய்ச் சொல்லலாம். அவர் குசினிக்குள் போய்ப் பார்க்கலாம், மாதிரி எடுக்கலாம், வழக்கும் போடலாம். அதை விட்டுவிட்டு மதிலுக்கு மேலால் கதை பரப்புவது என்ன நியாயம்?

உம்மாவிடம் நான் இதையெல்லாம் சொல்லவில்லை. ஒன்றைத்தான் கேட்டேன். “உம்மா, சுனாமிக்குப் பிறகு ஆர்ர கையெண்டு கேட்டா சாப்பிட்ட நாம?”

2004 டிசம்பர் 26. இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் நம்முடைய அம்பாறை மாவட்டம்தான். அதைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் விரித்து எழுதப்போவதில்லை, எழுதவும் கை வராது. உயிர் தப்பியவர்கள் மேற்கே சம்மாந்துறைப் பக்கம் ஓடினோம். ஒரு பாடசாலையில் தங்கினோம். முதல் நாள் மாலை யாரோ சோற்றுப் பார்சல்கள் கொண்டுவந்தார்கள். அடுத்த நாளும் வந்தன. பருப்பும் சோறும், சில நாள் ஒரு துண்டு கருவாடு. சில பார்சல்கள் தமிழ்ப் பத்திரிகையில் சுற்றியிருந்தன, சில சிங்களப் பத்திரிகையில். அம்பாறைப் பக்கத்திலிருந்து வந்தவை என்றார்கள். உம்மா அந்தத் தாளை விரித்து, ‘பிஸ்மி’ சொல்லி, எனக்கும் பிள்ளைக்கும் ஊட்டிவிட்டு, மிச்சத்தைத் தான் சாப்பிட்டார். எழுத்துத் தெரியாத மொழியில் அச்சடித்த அந்தத் தாளை மடித்துத் தலைமாட்டில் வைத்திருந்தது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. ஏன் வைத்தார் என்று நான் கேட்டதில்லை. மழைக்குத் தரையில் விரிக்கவாகவும் இருக்கலாம்.

நான் கேட்டதற்கு உம்மா பதில் சொல்லவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் வைத்தார். இரண்டு நாள் கழித்து, “மஃரிபுக்குப் பொறகு எண்டா வாறன். முந்தியெண்டா ஏலாது” என்றார்.

போனோம். நான், என் கணவர், உம்மா, மகன், மகள். ஐந்து பேர்.

மாடிப்படி ஒடுக்கம். கைப்பிடி ஒரு பக்கம்தான் இருந்தது, அதுவும் இறங்கும்போது உதவும் பக்கமல்ல. மூட்டுவலிக்காரர்கள் ஏறும் மாடியில் இதைக்கூடக் கவனிக்கக் கூடாதா என்று முதலாளியிடம் சொல்லவேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன். மேலே போனதும் கோபம் குறைந்தது. கை கழுவும் தொட்டிகள் இரண்டு, சவர்க்காரம் இருந்தது, கழிப்பறை சுத்தமாக இருந்தது. மூலையில் ஒரு பாயும் கிப்லாவைக் காட்டும் அம்புக்குறியும். பாட்டுச் சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகம். திரையை இழுத்துவிட்டுப் பையனைக் கூப்பிட்டு என் கணவர் ஒரு வார்த்தை சொன்னார். குறைத்தார்கள்.

பிள்ளைகள் மெனு அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். சீஸ் கொத்து, டொல்பின் கொத்து, நாசிகோரெங், மொங்கோலியன் ரைஸ், மந்தி, சவர்மா! டொல்பின் கொத்தில் டொல்பின் இல்லை என்று உம்மாவுக்கு விளங்கவைக்கவே நேரம் போய்விட்டது. கடைசியில் மகனுக்குக் கோழிக் கொத்து, மகளுக்கு நாசிகோரெங், என் கணவருக்குப் பராட்டாவும் மாட்டிறைச்சிக் கறியும். அட்டையின் கடைசிப் பக்கத்தில் ‘வீட்டுச் சுவை’ என்ற தலைப்பின் கீழ் இடியப்பம், பால் ஆணம், சம்பல் என்று இருந்தது. உம்மா அதைத்தான் கேட்டார். நானும் அவருக்குத் துணையாக அதையே சொன்னேன்.

இடியப்பம் வந்தது. ஆளுக்கு ஐந்து. சிவப்பரிசி மா. உம்மா உடனே சாப்பிடவில்லை. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். மகளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. “மூத்தம்மா, ஆக்கள் பாக்கிறாங்க” என்றாள். திரைக்குள் யார் பார்க்கிறார்கள்!

பையன் தண்ணீர் கொண்டுவந்தபோது உம்மா கேட்டார். “ஏன் மகன், இது ஆர்ர கை இடியப்பம்?”

“எங்கட கடையிலதான் உம்மா செய்ற.”

“பொய் செல்லாதீங்க மகன். இது நம்மட தெருக் கை.”

பையன் ஒன்றும் பேசாமல் சிரித்துக்கொண்டே போய்விட்டான். பிறகுதான் உம்மா எனக்குக் காட்டினார். இடியப்பம் பிழிந்து முடிக்கும் இடத்தில் எல்லோரும் இழையை அப்படியே அறுத்துவிடுவார்கள். ஒருவர் மட்டும் கடைசி இழையை விரலால் உள்ளே மடித்துவிடுவார். எங்கள் வீட்டுக்கு நான்காவது வீட்டு ராத்தா. அவருடைய உம்மாவும் அப்படித்தான் செய்வாராம். எத்தனையோ வருடங்களாக அவரிடம் இடியப்பம் வாங்குகிறேன், இதை நான் கவனித்ததே இல்லை. அதற்குப் பிறகு உம்மா பிஸ்மி சொல்லி ஐந்தையும் சாப்பிட்டார். ஆணத்தில் வெந்தயம் கூடிவிட்டது என்று ஒரு குறை சொன்னார். அதுவும் உண்மைதான்.

வட்டிலப்பமும் ஐஸ்கோப்பியும் பிளேன்டீயும் முடிந்து பில் வந்தது. உம்மா என்னை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கொத்து 1,100. நாசிகோரெங் 1,400. பராட்டாவும் கறியும் 900. இடியப்பம் 300 வீதம் இரண்டு. வட்டிலப்பம் மூன்று 750. ஐஸ்கோப்பி இரண்டு 700. பிளேன்டீ மூன்று 180. கூட்டினால் 5,630. அதற்கு மேல் சேவைக் கட்டணம் நூற்றுக்குப் பத்து. எல்லாமாக 6,193 ரூபா.

பல குடும்பங்களுக்கு இது சிறிய காசல்ல. 2022இல் நாம் பட்டது யாருக்கு மறக்கும்? கேஸ் சிலிண்டருக்கு வரிசை, விறகுக்கு அலைச்சல். அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் கணக்குப்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அதாவது ஒரு வருடத்துக்கு முன் நூறு ரூபாவுக்கு வாங்கிய சாமான் கிட்டத்தட்ட இருநூறு ரூபா. அந்த நாட்களில் எத்தனையோ கடைகள் அடுப்பை அணைத்தன. பிறகு விலைவாசி ஏறும் வேகம் குறைந்ததே தவிர, ஏறிய விலை இறங்கவில்லை. ஆகவே மாதத்துக்கு ஒருமுறை கடைக்குப் போவதா, இரண்டு மாதத்துக்கு ஒருமுறையா என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன் கைப்பையைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். வாராவாரம் மாமியிடம் சண்டை போட்டுக்கொண்டு கடைக்குப் போகும் இளம் பெண்களையும் நான் கண்டிருக்கிறேன். அதற்கு நான் பரிந்து பேச வரவில்லை.

உம்மாவின் கணக்கு வேறாக இருந்தது. படியிறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “அஞ்சு இடியப்பம் முன்னூறு ரூவாயா? அவளுக்கு எவ்வளவு குடுக்கிறாங்க?”

அடுத்த நாள் ராத்தாவிடம் போய் நானே கேட்டேன். முதலில் மழுப்பினார். கடைக்காரர் வெளியில் சொல்லவேண்டாம் என்று சொல்லியிருக்கிறாராம், கடையிலேயே செய்வதாக இருக்கட்டும் என்று. உம்மா இழையைக் கண்டுபிடித்துவிட்டார் என்றதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சொன்னார். தினமும் மாலை இருநூறு இடியப்பம். ஒன்று 9 ரூபா. வீட்டு வாசலில் அவர் விற்பது 12 ரூபாவுக்கு. ஆனால் வாசலில் மழை நாளில் ஐம்பது மிஞ்சும், சில வீடுகள் மாதக் கடைசியில்தான் காசு தரும். கடைக்கு என்றால் இருநூறும் போய்விடும். பிற்பகல் மூன்று மணிக்கு மாவைச் சுடுநீரில் குழைத்தால் உரலைப் பிடித்துப் பிழிந்து முடிக்க ஆறு மணியாகும். வலது தோள் இரவில் நோகிறதாம்.

ஐந்து இடியப்பத்துக்கு அவருக்கு 45 ரூபா. கடையில் 300. மிச்சம் 255 ரூபாவும் முதலாளியின் பைக்குப் போகிறது என்று நான் சொல்லமாட்டேன். ஆணம், சம்பல், கேஸ், கரண்ட், பையன்களின் சம்பளம், வாடகை எல்லாம் அதற்குள் இருக்கின்றன. கடை நடத்துவது இலேசான காரியமல்ல. ஆனாலும் ‘வீட்டுச் சுவை’ என்று அட்டையில் அச்சடிக்கத் தெரிந்தவர்களுக்கு, எந்த வீட்டுச் சுவை என்று ஒரு வரி போடத் தெரியாதா? அந்தக் கடையின் குசினியில் நான்கு பேர் சமைக்கிறார்கள், நால்வரும் ஆண்கள். ஐந்தாவது ஆள் ராத்தா. அவருக்குக் குசினியும் இல்லை, பெயரும் இல்லை.

வேறு வழி இல்லாமலும் இல்லை. விவசாயத் திணைக்களம் ‘ஹெல பொஜுன்’ என்ற பெயரில் நடத்தும் உணவகங்களை நீங்கள் தெற்கே பயணம் போகும்போது பார்த்திருக்கலாம். வடக்கில் அதே மாதிரி ‘அம்மாச்சி’ என்று இருக்கின்றன. அங்கே பெண்கள்தான் அடுப்புக்கு முன்னால் நின்று அப்பமும் தோசையும் சுட்டு, வருகிறவர்களுக்குக் கையோடு கொடுக்கிறார்கள். விற்ற காசு சமைத்த பெண்களுக்கு. சாப்பிட வருபவர் சமைத்தவரைக் கண்ணால் பார்க்கிறார். ஆர்ர கை என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. அப்படியொன்று நம்முடைய கரையில், நம்முடைய ஒழுங்குக்கு ஏற்றபடி, பெண்கள் சமைக்க, குடும்பங்கள் வந்து சாப்பிட, ஏன் வரக்கூடாது? இதை நான் சொன்னபோது என் கணவர், “நடக்கிற காரியமா?” என்றார். பெமிலி ரூமையும் பத்து வருடத்துக்கு முன் இப்படித்தான் சொன்னார்கள்.

ராத்தாவுக்கு அவசரம் வேறு. கணவர் மௌத்தாகி ஒன்பது வருடம். இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளுக்கு இருபத்தொரு வயது. நான் முன்னே சொன்னேனே, இந்தக் கரையில் வீடு பெண்ணுக்கு என்று. சொல்லும்போது பெருமையாகத்தான் இருக்கிறது. அந்த வீட்டை யார் கட்டுவது? ராத்தாவின் வளவில் பின்பக்கம் அத்திவாரம் போட்டு, நான்கு வரிசை கல் வைத்து நிற்கிறது. அதற்கு மேல் எழும்ப வேண்டிய ஒவ்வொரு கல்லும் இடியப்பத்திலிருந்துதான் வரவேண்டும். அதனால்தான் 9 ரூபாவுக்கும் சம்மதித்தார்.

உம்மா இப்போது ஒரு வேலையை என் தலையில் வைத்துவிட்டார். ராத்தாவுக்கு எழுத வாசிக்கத் தெரியும், ஆனால் கணக்கு எழுதி வைக்கும் பழக்கமில்லை. கடைக்காரர் சொல்வதுதான் கணக்கு. ஒரு கொப்பி வாங்கி, திகதி, எத்தனை கொடுத்தார், எவ்வளவு வந்தது என்று மூன்று கோடு போட்டுக் கொடுத்தேன். மாலையில் கடைப் பையன் பெட்டியை எடுக்க வரும்போது அதில் கையொப்பம் வைக்கவேண்டும் என்பது உம்மாவின் ஏற்பாடு. முதல் நாள் பையன் தயங்கினான். உம்மா வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். வைத்துவிட்டுப் போனான். படிக்கட்டுக் கைப்பிடி விஷயத்தையும் அவனிடமே சொல்லியனுப்பினோம். முதலாளி மறுபக்கமும் ஒன்று போட்டுவிட்டார் என்று கேள்வி.

கொப்பியில் நேற்று மாலை வரை ஏழு நாள் கணக்கு இருக்கிறது. 1,400 இடியப்பம், 12,600 ரூபா. வந்தது 9,000. மிச்சம் 3,600 ரூபா வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அரிசி ஆலைக்காரருக்கு ராத்தா சனிக்கிழமை காசு கட்டவேண்டும்.